எடைமேடைக்காரரும் ஒன்றரைக் கிலோ மகளும்

என் கணவருக்கு லாரி எடைமேடையில் வேலை. எந்த லாரி ஏறி நின்றாலும் எண்ணைப் பார்த்துத் தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்திச் சொல்வார். வீட்டிலும் அதே தொண்டைதான். என்னிடம் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்து நீட்டுவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர், மகள் பிறந்த மறுநாள் மிரண்டு ஒடுங்கிப்போனார். நாள் நிறையாமல் பிறந்தவள். ஒன்றரைக் கிலோ. உடம்பு சில்லிட்டுக்கொண்டே போனது. நர்ஸ் அவள் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தார். முப்பத்தைந்து புள்ளி இரண்டு டிகிரி செல்சியஸ்.

“குறைஞ்சது முப்பத்தாறரை இருக்கணும். இதுக்கு மேல இறங்கவிடக் கூடாது. அப்பா, சட்டையைக் கழட்டிட்டு உக்காருங்க. பாப்பாவை நெஞ்சோட அணைச்சுக்கணும்” என்றார். எனக்கோ தையல், கூடவே காய்ச்சல். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாமல் கட்டிலில் கிடந்தேன்.

இவர் இரண்டடி பின்னால் போனார். “வேணாம் சிஸ்டர். நான் நூத்திப்பத்து கிலோ. இவ்வளவு பெரிய உடம்போட சூடு மொத்தமும் ஏறினா அவ தாங்குவாளா? அவ சூடு வேற இருக்கு. ரெண்டும் கூடினா வெந்துடுவா.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. “என்னங்க, அவ லாரி இல்லைங்க!” என்றேன். தையல் சுண்டி இழுத்தது.

நர்ஸ் சிரிக்கவில்லை. “எடைதான் சார் கூடும். ஒரே சூட்டுல ரெண்டு டம்ளர் வெந்நீரை ஒண்ணா ஊத்துங்க. தண்ணி ரெண்டு மடங்காகும். சூடு ரெண்டு மடங்காகுமா? ஆகாதில்ல? அவ டம்ளர், சீக்கிரம் ஆறிடுவா. நீங்க அண்டா. லேசுல ஆற மாட்டீங்க. உக்காருங்க.”

அண்டா உட்கார்ந்தது. மகளை மார்பில் கிடத்திப் போர்வையால் மூடினார்கள். மூச்சுவிடவே பயந்துபோய் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் வந்து வந்து பார்த்தார். முப்பத்தைந்து புள்ளி ஒன்பது. பிறகு முப்பத்தாறு புள்ளி நான்கு. நான் போர்வை நுனியைக் கடித்துக்கொண்டேன். முப்பத்தாறு புள்ளி எட்டு. அடுத்த முறையும் அதே எட்டு.

“நின்னுடுச்சே சிஸ்டர்!” என்று பதறினார்.

நர்ஸ் தெர்மாமீட்டரைத் துடைத்து, இவர் அக்குளில் செருகினார். அது ‘பீப்’ என்றதும் எடுத்து இவர் கண்ணெதிரே காட்டினார். இவர் எண்ணைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். கண் நிறைந்து தாடியில் வழிந்தது.

அந்த முகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நேரம் கொடுத்தும் அவருக்குக் குறையவில்லை. வாங்கியவளுக்கும் மிஞ்சவில்லை. உள்ளங்கை அகல முதுகும் அந்த மலை போன்ற மார்பும் ஒரே இடத்தில் வந்து நின்றிருந்தன. உலகம் இப்படியா செய்யப்பட்டிருக்கிறது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

“எவ்வளவுங்க?” என்று தெரிந்தே கேட்டேன்.

எண்ணைக் கத்தியே பழகிய மனிதர், முதல் தடவையாக, நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி சொன்னார்.

“முப்பத்தாறு புள்ளி எட்டு. ரெண்டு பேருக்கும்.”