வகுப்பறையில் குடித்தனம்

ஆரியங்கோட்டு சர்க்கார் பள்ளி வாத்தியார் கைலாசநாதன் வகுப்பில் உறங்கிப்போனார். கோட்டுகாலிலிருந்து விடியுமுன்னே கிளம்பி, ஆற்றைக் கடந்து தினமும் நடந்து வருகிறவர். அன்று பார்த்து பள்ளிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"உறங்குறதுக்கா உமக்குச் சம்பளம்?" என்று பிள்ளைகள் முன்னால் கத்தினார்.

"பக்கத்துல ஒரு வீடு தாரும் ஏமானே. உறங்க மாட்டேன்."

"வாத்தியாருக்கு வீடு குடுக்க சட்டம் இல்ல."

அடுத்த திங்கட்கிழமை கைலாசநாதன் மனைவி பகவதியம்மாளோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வகுப்பின் ஒரு மூலையை ஓலைத்தட்டியால் மறைத்தார்கள். பின்பக்கம் அடுப்பு மூட்டினார்கள். அதன்பின் பள்ளி நேரத்துக்குத் தொடங்கியது. வாசிக்கத் தடுமாறிய பிள்ளைகளுக்குச் சாயங்காலமும் பாடம் நடந்தது.

செய்தி கேட்டு இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார். "இது சர்க்கார் கட்டிடம். இங்கேருந்து வெளியே இறங்கும், இல்லேன்னா வேலை போவும்!"

தட்டிக்குப் பின்னாலிருந்து பகவதியம்மாள் வெளியே வந்தாள். "போனா போவட்டும். முதல்ல பிள்ளைகள வாசிக்கச் சொல்லிப் பாரும். இவரு உறங்காம இருந்தா எப்பிடிப் படிப்பிப்பாருன்னு அப்பத் தெரியும்."

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி வாசிக்கச் சொன்னார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"வீடு வராம நாங்க இறங்க மாட்டோம். இது உறுதியாக்கும்," என்றார் கைலாசநாதன்.

இன்ஸ்பெக்டர் பார்த்ததையெல்லாம் மேலிடத்துக்கு எழுதினார். சொல் கேளாத குற்றத்துக்குக் கைலாசநாதனுக்கு அங்கே அபராதம் விதித்தார்கள். கூடவே, பள்ளிக்குப் பின்னால் வாத்தியாருக்கு ஒரு வீடு கட்டவும் உத்தரவு வந்தது. அதற்குக் கூரை வேய்ந்து முடிக்கும்வரை இருவரும் வகுப்பறையை விட்டு அசையவில்லை.