மெழுகுத்தாள் பிரிக்காத குழல்

நோர்பர்ட் அந்த மெழுகுத்தாள் பொட்டலத்தை மூன்றாவது தடவையாக மோந்து பார்த்தார். பழைய கிரீஸ் வாசம். ஆஹா! போட்டிக் கைத்துப்பாக்கிகளுக்கென்று ராணுவம் தனியாகக் கடைந்த குழல், 1962-ஆம் வருஷத்தது. இந்த ஒன்றுக்காக இருபத்திரண்டு வருஷமாக ஓஹாயோவில் அவர் துழாவாத சந்தை இல்லை. இன்று காலை, வருஷாவருஷம் துப்பாக்கி சுடும் போட்டி நடக்கும் பெர்ரி முகாமில், ஏரிக்காற்றில் படபடத்த ஒரு கூடாரக் கடையில், தன்னிடம் இரட்டையாக இருந்த இரண்டு பழைய குழல்களைக் கொடுத்து இதை மாற்றிக்கொண்டார். அவர் குழல்களை அடுக்கும் வெல்வெட் பெட்டியின் பன்னிரண்டு பள்ளமும் நிறைந்தாயிற்று. குழல் சேர்ப்பவர்களுக்கு ஒரே சட்டம்தான்: அரம் படக்கூடாது. போட்டிக் குழலைக் கொஞ்சம் பெரிதாகவே கடைந்திருப்பார்கள். அவரவர் துப்பாக்கிக்குத் தக்கபடி ராவித்தான் பொருத்த வேண்டும். ராவிவிட்டால் சேர்ப்பவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

"யோவ், என்ன, பொறந்த குழந்தைய மோந்து பாக்குற மாதிரி பாக்குற?"

இர்மா. முப்பது வருஷமாக இந்தப் போட்டியில் சுடுகிறவள், அவருக்குப் பழைய சிநேகிதி, வயது அறுபத்தொன்பது. ஒரு கையில் மீன் வறுவல் வைத்த ரொட்டி, மறு கையில் அவள் துப்பாக்கிப் பெட்டி. பல வருஷப் போட்டிகளில் சேர்த்ததோடு இன்னும் ஆறே புள்ளி வந்தால் அவளுக்குத் தங்கப் பதக்கம். போன வருஷம் ஒரே குண்டில் கோட்டை விட்டாள்.

"நாளைக்குக் காலைல போட்டி. என் குழல்ல விரிசல்," என்றாள். "கடைத்தெரு பூரா கேட்டாச்சு, எல்லாம் தேஞ்சது. விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ரொட்டி பிடித்த கை லேசாக நடுங்குவதை நோர்பர்ட் பார்த்தார். போன வருஷம் அந்த நடுக்கம் இல்லை. அடுத்த வருஷம் இந்தக் கை துப்பாக்கி பிடிக்குமா? ஆனாலும் முழங்கை தானாகப் போய்ப் பெட்டியை மறைத்துக்கொண்டது, வெட்கம் கெட்ட முழங்கை!

இர்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "பயப்படாதய்யா, கேக்கமாட்டேன். உன் மகாராணிங்க நல்லாத் தூங்கட்டும்." போட்டிப் பட்டியலிலிருந்து தன் பேரை எடுக்கச் சொல்லப் போகிறேன் என்று நடந்தாள்.

அவள் பத்து எட்டு வைக்கும்வரைதான் அவர் பொறுத்தார்.

"ஏய் இர்மா! அந்தத் துப்பாக்கிய இங்க கொண்டா."

"எதுக்கு?"

"வந்து தொலையேன், என் மனசு மாறுறதுக்குள்ள!"

பட்டாளத்தில் இதே மாதிரிக் குழல்களை நூற்றுக்கணக்கில் ராவிப் பொருத்தினவர் அவர். வண்டியின் பின்கதவைத் திறந்து, அங்கே மாட்டியிருந்த வைஸின் இரும்புத் தாடைகளுக்கிடையே குழலை இறுக்கினார். அரத்தின் முதல் இழுப்புக்கு இருவருமே கண்ணை மூடிக்கொண்டார்கள். நாலாவது இழுப்பில் அவர் சீட்டியடிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு மணி நேரம் ராவிப் பார்த்து, ராவிப் பார்த்து, கடைசியில் குழல் அவள் துப்பாக்கியில் 'டக்'கென்று உட்கார்ந்தது.

"அடேயப்பா, என்ன பொருத்தம்!" என்றாள் இர்மா. "பாவிங்களா, இதையா குழல் சேக்குறவங்கல்லாம் இத்தனை வருஷம் தூங்க வெச்சிருந்தீங்க?"

மறுநாள் காலை, பெட்டியைப் பார்க்க வந்த இன்னொரு குழல் சேர்ப்பவர் பன்னிரண்டாவது பள்ளத்தில் ஒரு மெழுகுத்தாள் மட்டும் மடித்துக் கிடப்பதைக் கண்டார். அதில் பென்சிலால் எழுதியிருந்தது: '1962. சுடப் போயிருக்கிறது.'

"என்ன நோர்பர்ட் இது?"

"உஷ்," என்றார் நோர்பர்ட், ஏரிப்பக்கம் காதைத் திருப்பி. "சுடப்போறாங்கன்னு இப்பதான் செவப்புக் கொடி ஏத்துறாங்க. இர்மாவோட முதல் வெடியக் கேக்கணும்."