ஓட்டிய தூரம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்குக்கு மேலே இருந்த வாடகை அறையில்தான் வசுந்தராவும் குருவும் 'லோரி ராணி' என்ற கைப்பேசி விளையாட்டைச் செய்து முடித்தார்கள். படமெல்லாம் வசுந்தரா வரைந்தவை. மற்ற கணினி வேலை குருவுடையது. அதில் ரவாங்கில் சரக்கு ஏற்றிக்கொண்டு கிள்ளான் துறைமுகம்வரை ஒரு பெண் லோரி ஓட்டிப் போகவேண்டும். வழியெங்கும் மழையும் நெரிசலும் பள்ளமும்.

ஒரு நாள் காலை, விளையாட்டின் முகப்பில் இருந்த எண்ணைப் பார்த்து, அறிமுகமில்லாத ஒரு பெண் வசுந்தராவைப் போனில் அழைத்தார்.

"ஏம்மா, லோரி ராணி செஞ்சது நீதானே? புள்ளைங்களுக்குச் சூதாட்டம் கத்துக்குடுக்கத்தான் கேம் செஞ்சியா?"

அழைத்தவர் இராஜம்மா. கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறார். பள்ளி விடும்வரை வேனிலேயே காத்திருக்கும் நேரத்தில் அவருக்கு லோரி ராணிதான் துணை. முந்தின நாள் ஒரு சிறுமி ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று போனைக் கொடுத்திருக்கிறார். விளையாட்டின் நடுவே சூதாட்ட விளம்பரம் குதித்தது. சிறுமியின் அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும், இனிமேல் உங்கள் வேன் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"அக்கா, எங்க கேம்ல விளம்பரமே கிடையாது. அத எங்க வாங்குனீங்க?"

"வாங்குறதா? ஸ்கிரீன் மாத்தப் போனேன், கடைல லோகன் சும்மா ஏத்திக் குடுத்தான்."

வசுந்தராவுக்குப் புரிந்துவிட்டது. யாரோ விளையாட்டின் பூட்டை உடைத்து, விளம்பரத்தைச் சொருகி, இணையத்தில் விட்ட திருட்டு நகல் அது.

"ஓசில விளையாடிட்டு நம்மளையே திட்டுறாங்க, விடு லா," என்றான் குரு.

"என் லோரியால ஒருத்தங்க பொழப்பு கெடுது குரு. நான் போயிட்டு வரேன்."

அடுத்த புறநகர் ரயிலில் அவள் கிள்ளானுக்குக் கிளம்பினாள். இராஜம்மா வேனோடு ஸ்டேஷனில் நின்றார். இருவரும் நேரே லோகனின் போன் கடைக்குப் போனார்கள்.

லோகன் அசரவில்லை. "சிஸ்டர், எல்லாக் கடையிலயும் இப்படித்தான். காப்பி எடுத்தா உங்களுது குறைஞ்சா போயிடும்?"

"குறையாது. ஆனா நான் வரைஞ்ச லோரிய வெச்சு எவனோ சூதாட்டத்துக்கு ஆள் பிடிக்கிறான். திட்டு எனக்கு வருது, இந்த அக்கா வேன்ல புள்ளைங்க குறையுது."

"நீங்க படம் போடுற சாப்ட்வேர் மட்டும் காசு குடுத்து வாங்குனதா?" மடக்கிவிட்ட திருப்தியில் சிரித்தான் லோகன்.

"இல்ல, அது இலவசம். செஞ்சவங்களே எல்லாரும் எடுத்துக்குங்கன்னு குடுத்தாங்க, எடுத்தேன். நான் அப்படிக் குடுக்கலயே, பாஸ்."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. மீதியை இராஜம்மா பார்த்துக்கொண்டார். "டேய் லோகன், இனிமே என் போனும் இங்க வராது, என் வேன் புள்ளைங்க வீட்டு போனும் வராது."

லோகன் கடைக் கணினியிலிருந்து லோரி ராணியை அவர்கள் கண்முன்னாலேயே அழித்தான். "மத்த கேமையும் யாரோ உக்காந்துதான் செஞ்சிருக்காங்க," என்றாள் வசுந்தரா. அவன் மேசையில் கிடந்த அடுத்த போனைக் கழற்றத் தொடங்கினான்.

அங்கிருந்தே சிறுமியின் அப்பாவிடம் வசுந்தரா போனில் பேசினாள். நடந்ததைச் சொல்லி, தப்பு வேன்கார அக்காமேல் இல்லை என்றாள். அவர் நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில், சரி, மகள் அதே வேனில் வரட்டும் என்றார்.

இராஜம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரிஜினலைப் போனில் போட்டிருக்கும் கிரெடிட் காசிலேயே வாங்கலாம் என்றதும் உடனே வாங்கினார். திறந்து பார்த்தவர் முகம் வாடியது.

"துறைமுகத்துக்குப் பக்கத்துல, தெலுக் பங்லிமா காராங் வரைக்கும் வந்துட்டேனே. மறுபடியும் ரவாங்லேர்ந்தா?"

வசுந்தராவுக்கு அது பொறுக்கவில்லை. அறைக்குத் திரும்பியதும் குருவிடம் சொன்னாள்: "காப்பில விளையாடுனவங்க ஒரிஜினல் வாங்குனா, விட்ட எடத்துலேர்ந்தே ஓட்டட்டும்."

"திருட்டுக்குப் பரிசா?"

"கேம் நம்மளுது குரு. ஓட்டுன தூரம் அவங்களுது. அதப் பறிச்சா நாமும் அந்தக் காப்பி அடிச்சவன மாதிரிதான்."

குரு நாற்காலியைக் கணினிப் பக்கம் திருப்பினான். "அந்தக் காப்பியும் ஸ்கோர நம்ம சர்வருக்குத்தான் அனுப்புது. யார் எங்க நிக்கிறாங்கன்னு பாத்துரலாம்."

புதிய பதிப்பு வெளியானது. வாங்குங்கள், உங்கள் பயணம் அப்படியே தொடரும் என்று, சர்வர் வழியாகத் திருட்டு நகல்களின் திரையிலும் இரண்டே வரி. சிலர் கிண்டல் செய்து எழுதினார்கள். இன்னொரு திருட்டு நகலும் முளைத்தது. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். குரு நினைத்ததைவிட அதிகமாக, வசுந்தரா நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவாக. அடுத்த விளையாட்டைத் துணிந்து தொடங்க அது போதுமென்று இருவரும் முடிவு செய்தார்கள்.

ஒரு மத்தியானம் இராஜம்மாவின் குரல்பதிவு வந்தது. விளையாட்டில் அவர் துறைமுகத்தைத் தொட்டுவிட்டார்.

"ஏம்மா, ஹார்பர் கேட்டை ஏன் இவ்ளோ குறுகலா வரைஞ்ச? அவ்ளோ பெரிய லோரி எப்படித் திரும்பும்? நீ எப்பவாச்சும் வண்டி ஓட்டியிருக்கியா?"

குரு விழுந்து விழுந்து சிரித்தான். வசுந்தரா படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, குரல்பதிவை இன்னொருமுறை கேட்டாள். பிறகு துறைமுக வாசலை இரண்டு பக்கமும் அகட்டி வரையத் தொடங்கினாள்.