அட்டையில் ஒரு கொக்கி

வணிக நிர்வாகம் படிக்கிற பிள்ளைகளுக்கு வாய்ப்பந்தல் போடச் சொல்லித் தரவே வேண்டாம், அது கூடவே பிறந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்களின் சிரமத்தைத் தீர்க்க வழி கண்டுபிடியுங்கள் என்றால், இந்தக் குழு ஒரு செல்போன் செயலியை வரைந்து, அதில் வரப்போகிற லாபத்தையும் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

"அங்க யாரையாவது போய்ப் பாத்தீங்களா?" என்று பாடம் நடத்தும் மேடம் கேட்டார். ஒருவரும் போயிருக்கவில்லை.

மக்களின் சிரமத்தை நேரில் பார்த்து, அதற்கு மாதிரி செய்து பழகுகிற, டிசைன் திங்கிங் என்கிற இந்தப் பாடத்தைக் கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியவர் அவர். வகுப்பில் அட்டையையும் கத்தரியையும் வைத்து விளையாடுகிறார்கள் என்று துறைத்தலைவர் காதுக்குப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை நேரில் பார்ப்பாராம். பிடிக்காவிட்டால் பாடத்துக்கு மூடுவிழாதான்.

மேடம் குழுவை நிலையத்துக்கே கிளப்பிக்கொண்டு போனார். ஆளுக்கொரு பஞ்சைக் கொடுத்து, ரத்தம் கொடுத்தவர்களைப் போல முழங்கையை மடக்கி அழுத்திப் பிடிக்கச் சொன்னார்.

"இப்போ பைய எடுத்துக்கிட்டு, கதவத் திறந்து வெளிய போங்க பாப்போம்."

லாபக் கணக்குப் போட்ட பையனுக்கு 'முதலாளி' என்று பட்டப்பெயர். அவன் தரையிலிருந்த பையை எடுக்கக் குனிந்தான். பஞ்சு நழுவியது, சட்டைப் பையிலிருந்த செல்போன் மேசைக்கடியில் போய் விழுந்தது.

"மேடம், ஒத்தைக் கையில ஒண்ணுமே முடியல!"

அதற்கப்புறம் செயலியைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. அட்டையை வெட்டி, ரத்தம் எடுக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தட்டும் அதன் கீழே ஒரு கொக்கியும் செய்தார்கள். பையை மாட்டியதுமே மடங்கிவிட்டது. இன்னும் கெட்டியாகச் செய்தார்கள், உயரம் எட்டவில்லை. சலிக்காமல் மறுபடியும் வெட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் நிலையத்துக்கே வந்து, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே பையைக் கொக்கியில் மாட்டினாள். ரத்தம் எடுத்து முடிந்ததும் ஒரு கையை மடக்கிக்கொண்டாள். மறு கையால் பையைத் தோளில் போட்டு, அதே கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

"அந்தம்மா உங்க அட்டையத் திரும்பிக்கூடப் பாக்கலியே?" என்றார் துறைத்தலைவர்.

மேடம் வாய் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டான்.

"அதான் சார் ஜெயிச்சுட்டோம்! என்ன இது, எப்படி மாட்டுறதுன்னு அவங்க நின்னு யோசிச்சிருந்தா நாங்க தோத்திருப்போம்."

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் தொண்டை வறளச் சொன்னதை அந்தப் பையன் தன் வாயால் சொல்லிவிட்டான்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "அதக் கழட்டிராதீங்கப்பா. மரத்துல செஞ்சு குடுக்குற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "நிறுத்திடலாம்னுதான் வந்தேன், மேடம். அடுத்த வருஷம் இந்தப் பாடத்த எல்லா வகுப்புக்கும் வச்சிருவோம்."

மேடம் வயதையும் பதவியையும் மறந்து 'ஓ'வென்று கத்திவிட்டார். பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்.

"சத்தம் போடாதீங்க, உள்ள ஊசி போடுறோம்!" என்று அதட்டிய நர்ஸுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.