குதிரை வருஷத்துச் சிவப்புக் கயிறு

பிருந்தா யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. பிரபாவதிக்கு அதுதான் வயிற்றெரிச்சல். ஒருத்தியைப் பிடிக்கவில்லை என்றால் திட்டுவதற்கு ஒரு காரணமாவது வேண்டாமா?

வளைகுடா நாட்டில், அல் குசைஸில் இருந்த அந்த விளக்குக் கம்பெனிக்குப் பிரபாவதி வந்து எட்டு வருஷம். பிருந்தா நேற்று வந்தவள். ஆனால் கஸ்டமர்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் பிருந்தாவைத்தான் தேடுகிறார்கள். ஒரே சுடிதாரைத் துவைத்துத் துவைத்துப் போட்டாலும் அவளுக்கு எடுப்பாக இருக்கிறது. டிபன் பாக்ஸில் வெறும் தயிர்சாதம் கொண்டு வந்தாலும் நாலு பேர் கை நீட்டுகிறார்கள். பிரபாவதி விடிகாலையில் எழுந்து உருட்டிப் போட்ட கோளா உருண்டையை யாரும் சீண்டுவதில்லை.

இதெல்லாம் சில்லறை எரிச்சல். பெரிய எரிச்சல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் புஜைராவில் இருந்தது. கம்பெனி முதலாளி லின் மேடம் அங்கே புதிதாக ஷோரூம் திறக்கப் போகிறார். அதற்கு ஒரு மேனேஜர் வேண்டும். பிரபாவதியின் கணவர் பத்மநாபன் புஜைராவில்தான் எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறார். வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். போன வாரம் மகன் அர்ஜுன், "அம்மா, இஸ் அப்பா அ கெஸ்ட்?" என்று கேட்டுவிட்டான். பத்மநாபன் சிரித்துச் சமாளித்தார். பிரபாவதிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேலை கிடைத்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஆனால் இதை மேடத்திடம் போய்ச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சீனியர் நான், என்னைத் தேடி வரட்டுமே என்று வீறாப்பாக இருந்தாள்.

பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு நெருங்கியது. ஷோரூம் முழுக்கச் சிவப்பு விளக்குகள். கல்லா மேஜையில் தங்க முலாம் பூசிய குதிரை ஒன்று முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. வரப் போவது குதிரை வருஷமாம். லின் மேடம் குவாங்சோக்காரர், வியாபாரத்தில் கறார். ஆனால் புத்தாண்டு வந்தால் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவார். எல்லோரையும் கூட்டி வைத்துத் தன் ஆங்கிலத்தில் கதை சொன்னார்.

விண்ணுலக அரசர் ஒரு ஓட்டப்பந்தயம் வைத்தாராம். முதலில் வந்த பன்னிரண்டு மிருகங்களுக்கு ஆளுக்கு ஒரு வருஷம் என்று பட்டா எழுதிக் கொடுத்தாராம். எலி சும்மா வரவில்லை. மாட்டின் முதுகில் சொகுசாக உட்கார்ந்து ஆற்றைக் கடந்து, கடைசி நேரத்தில் முன்னால் குதித்து முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டதாம். அவரவர் பிறந்த வருஷத்து மிருகம் அவரவருக்குள் இருக்கிறது, பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து எங்கள் ஊரில் கல்யாணமும் கடைத் திறப்பும் அதைப் பார்த்துத்தான் நடக்கும் என்றார் மேடம். நம் ஊரில் நட்சத்திரத்துக்கு ஒரு மிருகம் வைத்துப் பொருத்தம் பார்ப்பதில்லையா, அந்த மாதிரிதான் என்று பிரபாவதியும் தலையாட்டினாள்.

கணக்கு எழுதும் சுரேஷ்குமார் எலியாம். எல்லோரும் சிரித்தார்கள். தொண்ணூறில் பிறந்த பிருந்தா குதிரை.

"பிரபா, நீ தொண்ணூற்றொன்று. நீ ஆடு" என்றார் மேடம் அன்போடு.

பிரபாவதிக்கு முகம் சுருங்கிவிட்டது. குதிரை என்றால் சாமிக்கு வாகனம், மாப்பிள்ளைக்கு ஊர்வலம். ஆடு? மஞ்சள் தண்ணீர் தெளித்தால் தலையாட்டும், அப்புறம் தலையே இருக்காது. ஆடு சாந்தமானது, குடும்பத்தைக் கட்டிக் காப்பது, ஆட்டுக்கும் குதிரைக்கும் நல்ல ஒற்றுமை என்று மேடம் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. பந்தயத்தில் குதிரை ஏழாவது, ஆடு எட்டாவது என்பது மட்டும் ஏறியது. அங்கேயும் பிருந்தாதான் ஓரிடம் முன்னால்!

மறுநாள் மேடம் பிருந்தாவை மட்டும் கேபினுக்குள் கூப்பிட்டார். வெளியே வந்த பிருந்தாவின் கையில் சிவப்புப் பட்டுப் பை. பேன்ட்ரியில் டீ போட்டுக்கொண்டிருந்த பிரபாவதியிடம் அதைப் பிரித்துக் காட்டினாள். வயதில் ஒரு வருஷம் மூத்தவளானாலும் சீனியர் என்ற மரியாதைக்கு அவள் பிரபாவதியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். உள்ளே முறுக்கிய சிவப்புக் கயிறு.

"நம்ம அரைஞாண் கயிறு மாதிரியே இருக்குல்ல அக்கா? வருஷம் பூரா இடுப்புல கட்டிக்கணுமாம். நாமளா வாங்கக் கூடாதாம், பெரியவங்க கொடுக்கணுமாம்."

"உனக்கு மட்டும் என்னத்துக்கு?"

"குதிரைக்காரங்களுக்கு இது சொந்த வருஷமாம். அதான்..."

அதற்குள் வெளியே யாரோ கஸ்டமர் பிருந்தா பிருந்தா என்று ஏலம் போட, அவள் ஓடிவிட்டாள்.

சொந்த வருஷம், சிவப்புப் பட்டு, முதலாளியம்மா கையால் கயிறு. பிரபாவதிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக அவள் முடிவு கட்டிவிட்டாள். போனைத் தட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும். வயிறு பற்றி எரிகிறபோது அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? டீ ஆறி ஏடு படிகிற வரை அவள் அந்த இடத்திலேயே நின்றாள். அவளுக்குப் புஜைரா கைநழுவிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

நம்மூர் வழக்கம் ஒன்று அப்போதுதான் அவள் ஞாபகத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டதுதான் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி. கம்பெனிக் கிடங்கில் பெட்டி இறக்கும் வேலுச்சாமியிலிருந்து அங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேர் பாஸ்போர்ட்படி ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள். மேடத்துக்கும் இது தெரியும். பிரபாவதியின் தேதி ஆஸ்பத்திரி கொடுத்த அசல் தேதி. இருந்தால் என்ன? அன்று சாயங்காலம் கேபின் கதவைத் தட்டினாள்.

"மேடம், பாஸ்போர்ட்ல இருக்கறது ஸ்கூல்ல போட்டது. நான் நிஜமா பிறந்தது தொண்ணூறு. நானும் குதிரைதான்."

மேடம் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "நிச்சயமாகவா?"

"எங்க அம்மா மேல சத்தியம். எனக்கும் அந்தக் கயிறு வேணும் மேடம். அது இல்லாம எனக்குத் தூக்கமே வராது."

மேடத்தின் முகம் வாடியது. எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தன் மேல் உள்ள பாசத்தில் உருகுகிறார் என்று பிரபாவதி எடுத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து இன்னொரு சிவப்புப் பை வந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் பத்மநாபனுக்கு போன் போட்டு, "வேலை நமக்குத்தான், வீடு பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

புத்தாண்டுக்கு முந்தின நாள் தேராவில் ஒரு சீன ஹோட்டலில் விருந்து. அந்த வாரமே நோன்பும் தொடங்குவதால் ஹோட்டலில் கூட்டம் அலைமோதியது. வட்ட மேஜை நடுவே முழு மீன் ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எல்லோருக்கும் சிவப்புக் கவர் கொடுத்துவிட்டு மேடம் பேசினார்.

"புஜைரா கடைக்கு நான் பிரபாவைத்தான் நினைத்திருந்தேன். குதிரை வருஷம் ஆட்டுக்காரர்களுக்கு ரொம்ப நல்ல வருஷம். இவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்றிருந்தேன். ஆனால் இவள் என்னை நம்பி உண்மையைச் சொன்னாள். இவளும் குதிரை."

பிரபாவதி கையில் பிடித்திருந்த கொழுக்கட்டை தட்டில் விழுந்தது.

"சொந்த வருஷம் வந்தால் அந்த வருஷத்துத் தேவதையின் கோபத்துக்கு ஆளாவோம். வீடு மாறக் கூடாது, புதிதாக ஒன்றைத் தொடங்கக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கயிறு, காவலுக்கு. சுரேஷ்குமாரை அனுப்பலாமென்றால் அவன் எலி. எலிக்கும் குதிரைக்கும் ஜென்மப் பகை. மீதி இரண்டு குதிரைகள். கயிறு இல்லாமல் தூக்கமே வராது என்று பயப்படுகிறவளை நான் எப்படி அனுப்புவேன்? பிருந்தா விவரம் கேட்டுச் சிரித்தாள். கெட்ட வருஷம்தானே மேடம், அதையும் ஒரு கை பார்த்துடலாம் என்றாள். பிருந்தா போகட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். பிரபாவதியும் தட்டினாள். ஏழரைச் சனியை வலியப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து வந்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டாள். இடுப்பில் கயிறு அறுத்தது. எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா? அம்மா மேல் சத்தியம் செய்த பொய்யை இத்தனை பேர் நடுவில் எப்படி எடுத்துப் போடுவது? கை கழுவப் போகிறவள் மாதிரி எழுந்து போனாள்.

பிருந்தா பின்னாலேயே வந்தாள். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"அக்கா, எனக்கு ஒண்ணுமே புரியல. அண்ணன் புஜைராவுல தனியா கஷ்டப்படறாரு, பிரபா அக்காவையே அனுப்புங்கன்னு நான் போன மாசமே மேடத்துக்கிட்ட சொல்லியிருந்தேன். சரின்னுதான் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு வேலை இங்க குசைஸ்ல. நான் அங்க போய் என்னக்கா பண்ணப் போறேன்? இப்பவே போய் வேண்டாம்னு சொல்லிடறேன். நீங்களே போங்க. தேவதையாவது ஒண்ணாவது!"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிரபாவதி அவளைக் கண்ணாடியில் பார்த்தாள். நிஜமாகவே அவளுக்காகக் கலங்கி நின்ற முகம். ஒரு தலையசைப்புப் போதும். அர்ஜுனுக்கு அப்பா, தினமும் ராத்திரி மூன்று தட்டு. அவள் வாயைத் திறந்தாள். அப்போது பார்த்து, அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய எரிச்சல் குபீரென்று மேலே ஏறியது. விளக்கு விற்பதில், சிரிப்பில், தயிர்சாதத்தில் முந்திக்கொண்டது போதாதா? நல்லவளாக இருப்பதிலுமா இவள் முந்திக்கொள்ள வேண்டும்? இவள் போடுகிற பிச்சையிலா என் குடும்பம் ஒன்று சேர வேண்டும்?

"வேண்டாம் பிருந்தா" என்றாள். "எனக்குப் புஜைரா ஒத்துக்காது. நீயே போ."

"நிஜமாவாக்கா?"

"நிஜமாத்தான்."

பிருந்தா தயங்கித் தயங்கிப் போனாள். பிரபாவதி முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். பத்மநாபன் நாலைந்து படங்கள் அனுப்பியிருந்தார். காலி வீடு, ஜன்னல், சமையல்கட்டு. கீழே, "அட்வான்ஸ் கொடுத்துட்டேன். அர்ஜுன் ரூம்ல இருந்து கடல் தெரியும்" என்று எழுதியிருந்தார்.