அண்டாவில் மிச்சம் ஒரு கரண்டி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை பசியில் பிறந்தது. இலக்கியக்காரர்கள் எழுதுகிற பெரிய பசி இல்லை ஐயா. மத்தியானம் சாப்பிடாத பசி, அவ்வளவுதான்.

குஜிலியம்பாறையில் ஒரு சர்வேயரைப் பார்க்கப் போய், ஆளும் கிடைக்காமல், சோறும் கிடைக்காமல் திண்டுக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் செல்போனை நோண்டியபோது பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடையின் இணையப் பக்கம் கண்ணில் பட்டது. நடுவே ஓர் அண்டாவின் படம். இரண்டு பக்கமும் காது, உள்ளே மஞ்சளாகச் சோறு, கீழே ‘இப்போது அண்டாவில்’ என்று ஒரு வரி. விற்க விற்கப் படத்திலும் சோறு இறங்குமாம், பார்த்துவிட்டுக் கிளம்பலாமாம். நான் பார்த்தபோது அண்டா கழுத்து வரை நிறைந்திருந்தது. அடடா, நமக்காகவே வைத்திருக்கிறார்கள் என்று பஸ் நின்றதும் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன்.

அண்டா நிறைந்துதான் இருந்தது. தண்ணீர். கழுவுவதற்காக ஊறப் போட்டிருந்தார்கள்.

“பாய், இதுல நெறையக் காட்டுதே” என்று செல்போனை நீட்டினேன். கல்லாவில் இருந்தவர் போனைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தாகமா இருந்தா குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

பக்கத்துக் கடையில் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு அந்த ஆத்திரத்திலேயே எழுத உட்கார்ந்தேன். இதற்கு மேல் வருவதெல்லாம் நான் கட்டியது. அந்தத் தண்ணீர் மட்டும் என் கண்ணால் பார்த்தது.

2

ஆரம்பத்துக்குப் பட்ட பாடு:

‘மாலைச் சூரியன் மலைக்கோட்டையின் பின்னே மறைந்துகொண்டிருந்தான். அப்போது...’

வேண்டாம். திண்டுக்கல்லைப் பற்றி எழுதுகிற அத்தனை பேரும் அந்தப் பாறையில் ஏறி இறங்கித்தான் ஊருக்குள் வருகிறார்கள். பாறை அங்கேயே இருக்கட்டும்.

‘அஸ்பாக் ஒரு மென்பொருள் பொறியாளன். அவனுக்கு வாழ்க்கையே ஒரு வரைபடமாக...’

இந்த அஸ்பாக்கோடு ரொம்ப நேரம் மல்லுக்கட்டினேன். பயலுக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. இந்த வேலை போனால் அடுத்த வேலை என்று உட்கார்ந்திருக்கிறான். அவனை வைத்துக்கொண்டு எப்படிக் கதை பண்ணுவது? எழுந்து போடா என்றேன். அவன் எழுந்த இடத்தில் அவனுடைய அக்கா இஃப்பத் நின்றிருந்தாள். இவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. உட்காரம்மா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

இஃப்பத் பேகம்பூர்க்காரி. இணையப் பக்கங்களுக்கு வரைபடம் போடுவது தொழில். கையால் இல்லை, எழுத்தால். எஸ்விஜி என்று ஒரு முறை இருக்கிறது. இந்த இடத்தில் பேனாவை வை, அங்கே வரைக்கும் கோடு இழு, இங்கே வளை, உள்ளே மஞ்சள் பூசு என்று வரி வரியாக எழுதிவிட்டால் போன் அதைப் படித்துத் தானே வரைந்துகொள்ளும். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வழி சொல்லுகிற மாதிரிதான். எண்ணை மாற்றினால் படமும் மாறும், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு பிசிறாது.

வெளிநாட்டில் இருக்கிற கப்பல் கம்பெனி, மருந்துக் கம்பெனி என்று எத்தனையோ பேருக்கு அவள் வரைந்து தந்திருக்கிறாள். அத்தனையும் கடவுச்சொல்லுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. அவள் போட்ட ஒரு கோட்டைக்கூட அவளுடைய அம்மா ஜெய்தூன் பீவி பார்த்ததில்லை. மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், “ரூமுக்குள்ள ஒக்காந்து டைப்படிக்குது” என்பார். இஃப்பத்துக்கு வேண்டியிருந்தது இதுதான்: தன் ஊர்க்காரர்கள் திறந்து பார்க்கிற மாதிரி, பார்த்துவிட்டு ‘இது நம்ம இஃப்பத்து வரைஞ்சது’ என்று சொல்லுகிற மாதிரி, ஒரே ஒரு படம் வேண்டும். அதற்காகத்தான் மைதீன் பிச்சையின் பிரியாணிக் கடைப் பக்கத்தைத் தானே போய்க் கேட்டு வாங்கினாள்.

(மைதீன் பிச்சை யாரென்றால், என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னவர். நிஜப் பெயர் தெரியாது. கேட்கிற நிலைமையில் நான் இல்லை.)

3

முதலில் அவள் காட்டியது, உயரமும் குட்டையுமாக நிற்கும் பட்டைகள் கொண்ட வரைபடம்.

“என்னத்தா இது, வரிசையா பில்டிங் கட்டி வச்சிருக்க?” என்றார் மைதீன் பிச்சை.

“ஒசரமா இருந்தா நெறைய இருக்குன்னு அர்த்தம் மாமா.”

“எவன் அர்த்தம் பாத்துட்டு பிரியாணி திங்க வாரான்? அண்டாவ வரை. காத விட்றாத.”

அண்டாவை வரைந்தாள். கடையில் பரிமாறும் மேடைமேல் அண்டாவுக்கு அடியில் ஒரு மின்தராசு வைத்தாயிற்று. தராசு எடையைச் சொல்ல, படத்தில் சோறு ஏறி இறங்கும். முதல் தடவை வீட்டில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெய்தூன் பீவி தட்டில் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்தார். திரையை எட்டிப் பார்த்தார்.

“ஏத்தா, சோறு ஏன் மேல ஒட்டிக்கிட்டுத் தொங்குது? அடியில ஒண்ணையும் காணோம்?”

இஃப்பத் நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரைக்கு எல்லாமே தலைகீழ்க் கணக்கு. உச்சியில் பூஜ்யம், கீழே இறங்க இறங்க எண் ஏறும். மொத்த உயரத்திலிருந்து கழித்துப் போடவேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம், அவசரத்தில் மறந்துவிட்டாள். கழித்துப் போட்டாள். சோறு தொப்பென்று அடியில் உட்கார்ந்தது.*

“இத நீயா வரைஞ்ச?”

“நான்தாம்மா.”

“டைப்படிச்சா?”

“டைப்படிச்சுத்தான்.”

ஜெய்தூன் பீவி தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். [இந்த இடத்தில் இஃப்பத்தின் மனநிலையை உருகி உருகி எழுதியிருந்தேன். மறுநாள் காலையில் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.]

* தொப்பென்று உட்கார்ந்த சத்தம் படத்தில் கேட்காது. கதையில் கேட்கும். எழுத்துக்காரனுக்கு இருக்கிற ஒரே வசதி.

4

கடையில் ஒரு வழக்கம் உண்டு. அண்டாவின் கடைசிக் கரண்டியை விற்க மாட்டார்கள். அதைச் சஹனில், அதாவது பெரிய வட்டத் தட்டில் கொட்டி, முதலாளியும் வேலையாட்களும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். கடைக்கு இறைவன் தருகிற பரக்கத்து அந்தக் கரண்டியில்தான் இருக்கிறது என்பது மைதீன் பிச்சையின் எண்ணம். எல்லோரும் எழுந்த பிறகு, கடையில் வேலை பார்க்கும் வேலுசாமி குழாயைப் போட்டு அண்டாவில் தண்ணீர் நிரப்பி ஊற வைப்பார், மேடையிலேயே.

தராசுக்குப் பரக்கத்தும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. படத்தில் கடைசிக் கரண்டியைப் பார்த்துவிட்டுச் சிலர் வந்து, “இருக்கே, குடுங்க” என்று சண்டை பிடித்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீரைச் சோறு என்று நம்பி ஒரு பச்சைச் சட்டைக்காரன் குஜிலியம்பாறை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தான். அவனைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை.

இஃப்பத்தை வரச்சொல்லிவிட்டார் மைதீன் பிச்சை.

“விக்காத சோற விக்கிற மாதிரிக் காட்டக் கூடாது. தண்ணியச் சோறுன்னு காட்டக் கூடாது. என்னைய ஊருக்குள்ள ஏமாத்துக்காரனாக்கிருவ போலயே!”

“அந்த நேரத்துல அண்டாவக் காலியா வரைஞ்சிரட்டா மாமா?”

மைதீன் பிச்சை கல்லாமேல் படீரென்று அடித்தார். “என்ன புள்ள நீயி! எங் கடை அண்டாவக் காலியா ஒலகத்துக்கே காட்டுவியா? வெளங்குமா?”

“அப்ப என்னதான் மாமா வரையறது?”

“அது ஒன்பாடு. நாளைக்கு ஜும்மா, கூட்டம் வரும். நாளைக்கும் எவனாச்சும் போனத் தூக்கிட்டு வந்து என் முன்னால நின்னா, அந்தப் பக்கத்தக் கழட்டிரு. நான் சிலேட்டுல எழுதித் தொங்கவிட்டுக்கிறேன்.”

நிறையவும் காட்டக்கூடாது, மிச்சமும் காட்டக்கூடாது, காலியாகவும் காட்டக்கூடாது. பக்கம் போனால் படம் போச்சு. மறுபடியும் ரூமுக்குள் உட்கார்ந்து டைப்படிக்கிற பெண்.

5

வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் ஜெய்தூன் பீவி சாப்பாட்டை முடித்துவிட்டுச் சட்டிமேல் மூடியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

(சரி, ரொம்பச் சௌகரியமாக வந்து விழுகிறதுதான். முடிச்சைப் போட்டவன் நான், அவிழ்க்கிற பொறுப்பும் என் தலையில்தானே? கண்டுகொள்ளாமல் வாருங்கள்.)

மூடி! இஃப்பத் ஓடிப்போய் உட்கார்ந்தாள். மேலே ஒரு வளைவு, உச்சியில் குமிழ். எடை கடைசிக் கரண்டிக்கு இறங்கியதும் படத்து அண்டாமேல் மூடி வந்து உட்காரும். மறுநாள் பரிமாற ஆரம்பிக்கும் வரை திறக்காது. உள்ளே சஹன் சோறோ, தண்ணீரோ, ஒன்றுமே இல்லையோ, யாருக்கும் தெரியாது. பொய்யும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மைதீன் பிச்சையிடம் காட்டினாள். மனிதருக்கு வாயெல்லாம் பல்.

“ஏப்பா வேலுசாமி, இங்க வந்து பாரு. மூடிக்குக் குமிழுகூட வச்சிருக்குப்பா!”

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நல்ல கதை, எல்லோருக்கும் சந்தோஷம். நானும் பேனாவை மூடிவிட்டேன். ஜெய்தூன் பீவி சும்மா இருந்தால்தானே?

அன்று ஜும்மா தொழுகை முடிந்த கையோடு சோறு விற்றுத் தீர்ந்தது. மூடியும் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. செத்த நேரம் கழித்து, சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஜெய்தூன் பீவி பக்கத்தின் இணைப்பைப் போட்டு, கீழே குரலிலும் ஒரு செய்தி வைத்தார். பேசிப் பழக்கமில்லாததால் கத்தினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் இந்த அண்டாவத் தொறந்து பாருங்க. எம் மக இஃப்பத்து வரைஞ்சது. டைப்படிக்கிறது இல்ல. வரையிறது!”

எல்லோரும் திறந்தார்கள். மூடி போட்ட அண்டா.

இப்போது நீங்களே சொல்லுங்கள். சோற்றையும் கறியையும் சேர்த்து, மூடி போட்டு, மூடிமேல் நெருப்பை அள்ளிவைத்துத் தம் போடுகிற ஊர் இது. மூடி போட்ட அண்டாவைப் பார்த்தால் இந்த ஊரில் எவனாவது தீர்ந்துவிட்டது என்று நினைப்பானா? இஃப்பத்துக்குத் தோன்றவில்லை, வாயெல்லாம் பல்லாக நின்ற மைதீன் பிச்சைக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், எழுதிக்கொண்டிருந்த எனக்கே தோன்றவில்லை. குழுவில் இஃப்பத்தின் சித்தி ஷாஹினா போட்ட பதிலைக் கேட்ட பிறகுதான் உறைத்தது.

“மாஷா அல்லா! இன்னும் தம்மே ஒடைக்கல. கெளம்புங்க எல்லாரும், மொதக் கரண்டி நமக்குத்தான்!”

6

இஃப்பத் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது கடை வாசல் கொள்ளவில்லை. சித்தி, மாமி, மச்சான், யாரென்றே தெரியாத தூரத்துச் சொந்தம், எல்லோர் கையிலும் போன். எல்லாப் போனிலும் அவளுடைய அண்டா, அவளுடைய காது, அவளுடைய குமிழ். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இதற்குத்தானே ஆசைப்பட்டாள், இதனால்தானே பக்கமும் போகப்போகிறது. எல்லோருக்கும் முன்னால் ஜெய்தூன் பீவி நின்று, “இந்த வளைவப் பாருங்க” என்று காட்டிக்கொண்டிருந்தார்.

நிஜ அண்டாவின் மூடிமேல் கையை வைத்தபடி நின்றார் மைதீன் பிச்சை. உள்ளே ஒரு கரண்டி.

முடிவு ஒன்று: ‘“கழட்டு” என்றார். அவள் கழட்டினாள்.’ எழுதிப் பார்த்தேன். இஃப்பத் தாளிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ‘அவர் உடனே இன்னோர் அண்டா ஏற்றச் சொன்னார். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு...’ திண்டுக்கல்காரர் ஒருத்தர் இதைப் படித்தாலும் என்னைத் தேடி வந்து உதைப்பார். பிரியாணி என்ன டீயா, உடனே போட்டுத் தர?

முடிவு மூன்று. இதை நான் எழுதவில்லை, அவர்களாகவே நடந்துகொண்டார்கள்.

“யாரு புள்ள இது?” என்று கூட்டத்தைக் காட்டி இஃப்பத்திடம் கேட்டார் மைதீன் பிச்சை. ‘இது யாருடைய பிள்ளை’ என்று தங்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு அத்தனை பேரும் ஒரே குரலில், “எங்க இஃப்பத்து!” என்றார்கள். ஜெய்தூன் பீவியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

மைதீன் பிச்சை மூடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “வேலுசாமி, சஹன எடுப்பா. பெருச எடு” என்றார். கடைசிக் கரண்டி சஹனில் விழுந்தது. ஆளுக்கு ஒரு பிடிகூட வராது, விரல் நுனியில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கூட்டம் நெருக்கியடித்து உட்கார்ந்தது. கடைசியில் பச்சைச் சட்டை போட்ட ஒருவன் எப்படி இடம்பிடித்தான் என்று என்னைக் கேட்காதீர்கள்.

“மொதல்ல அது எடுக்கட்டும்” என்று இஃப்பத்தைக் காட்டினார் மைதீன் பிச்சை. அவள் எடுத்து வாயில் வைத்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டதால் அவளுக்கு எதிரே எதுவும் சரியாகத் தெரியவில்லை. அப்போது மைதீன் பிச்சை அவள் பக்கம் திரும்பி,

“இஃப்பத்து, அந்தப் பக்கத்த...”

மிச்ச வார்த்தை அண்டாவின் அடியில் இருக்கிறது. நான் சுரண்ட மாட்டேன், அது விற்பனைக்கு இல்லை. வேண்டுமானால் பச்சைச் சட்டைக்காரன் கொஞ்சம் நகர்ந்துகொள்வான். கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள்.