தோல் வார்

கல்யாணப் படமெடுக்கிற என் கணவர் ஜெயசுதனுக்குக் கமராவை விட அதைத் தொங்கவிடும் வாரில்தான் மோகம். கமராவோடு வந்த துணி வார் உறைகூடப் பிரிக்கப்படாமல் அலுமாரிக்குள் கிடந்தது.

"அதைப் போடுங்கோவன். வேர்த்தாலும் தோய்ச்சுக் காயவிடலாம்," என்றேன்.

"அதிலை கொம்பனியின்ரை பேர் இவ்வளவு பெரிசா இருக்கு. நான் என்ன விளம்பரப் பலகையே?"

ஒரு கிழமை முழுக்க யூரியூப்பைப் பார்த்துவிட்டு ரவுணுக்குப் போய்த் தோல் வாரொன்று வாங்கி வந்தார். குறுக்கே போட்டால் கமரா இடுப்பில் கிடக்கும், இழுத்தால் கண்ணுக்கு வரும். பொய் சொல்லக்கூடாது, நல்ல வார்தான். கழுத்தில் பாரம் இல்லாததால், அவருடைய கழுத்துக்கு எண்ணெய் தேய்க்கும் வேலை எனக்கு இல்லாமல் போனது. ஆனால் பாதிக் கல்யாணம் கோயிலில் நடக்கிற ஊரில், சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படமெடுக்கிற மனிசன் தோலிலா வார் வாங்குவது? இது அவருடைய மண்டையிலும் ஏறவில்லை, வெளிச்சம் பிடிக்கக் கூடவே போகிற என்னுடைய மண்டையிலும் ஏறவில்லை.

கரவெட்டியில் வினோஜாவின் கல்யாணம். தாய் இராசாத்தியம்மா ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் கிடந்தார். கோயிலுக்குக் கொண்டுவர வழியில்லை.

"தம்பி, தாலி ஏறேக்கை ஒரு படம். மற்றது ஒண்டும் எனக்கு வேண்டாம். தேப்பனில்லாமல் வளத்த பிள்ளை," என்றார் முதல் நாள்.

"அது என்ரை பொறுப்பு அம்மா," என்றார் இவர்.

போனில் நேரே காட்டலாமே என்று வினோஜா கேட்டதற்கும் இவர் விடவில்லை. தாலி கட்டும்போது ஆளுக்காள் போனைத் தூக்கிப் படத்தைக் கெடுப்பார்களாம். ஒருவரும் போன் தூக்கக்கூடாது என்று சொல்லிவைத்தார். அதை வீடு வீடாகச் சொன்னவளும் நான்தான். என்னுடைய போனையும் வானுக்குள் வைத்துவிட்டுத்தான் போனேன்.

கோயில் மண்டபத்து வாசலில் பெண்ணின் தாய்மாமன் நாகலிங்கம் மறித்தார்.

"தம்பி, உது தோலெல்லே? ஐயர் பேசுவார். கழட்டிப்போட்டு உள்ளை போம்."

இவர் கழற்றிச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கையிலை பிடிச்சு எடுக்கிறன். என்ன பெரிய வேலையே," என்றார் என்னிடம்.

ஓமப் புகையும் சனமும் வெக்கையும். வெறும் மேலில் வழிந்த வேர்வை முழங்கையால் இறங்கி விரல்களுக்கு வந்தது. நான் எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். துடைக்கச் சொல்ல வாயெடுக்கக் கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. சனம் எழும்பியது. மணமக்கள் மேல் அறுகரிசி தூவத் திரும்பிய நாகலிங்கத்தின் கை இவருடைய மணிக்கட்டில் பட்டது. தட்டக்கூட இல்லை, பட்டது. அவ்வளவுதான்.

கமரா கல்லில் விழுந்த சத்தம் மேளத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. இவர் குனிந்து அதைப் பொறுக்கி, உடைந்த லென்ஸோடு கண்ணில் வைத்துப் பொத்தானை அமத்தினார், அமத்தினார். நிமிர்ந்தபோது மாப்பிள்ளை தாலிக்கொடியைப் பூட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பாழாய்ப்போன வெளிச்சத்தை இன்னமும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொருக்காக் கட்டுற மாதிரி நிக்கச் சொல்லட்டோ?" என்று காதுக்குள் கேட்டார்.

"விசரே உங்களுக்கு? ஏறின தாலியை ஆர் கழட்டுவினம்?"

அவர் குனிந்து கல்லில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். எனக்கு அழுகையும் வந்தது, அவரை நாலு கிழி கிழிக்கவேண்டும் போலவும் வந்தது.

கமராவுக்குள் படங்கள் இருந்த மெமரி கார்ட் பிழைத்திருந்தது. பின்னேரம் மடிக்கணினியோடு இராசாத்தியம்மாவிடம் போனோம். போகமாட்டேன் என்றவரை நான்தான் இழுத்துப் போனேன். தலையணைகளை அண்டக்கொடுத்து, கண்ணாடியும் போட்டுத் தயாராக இருந்தார் அந்த மனிசி.

"பிள்ளை தாலியோடை வந்து காலிலை விழுந்திட்டுப் போனவள். ஏறினதைத்தான் காணேல்லை. காட்டும் தம்பி."

இருந்த கடைசிப் படத்தை இவர் திறந்தார். மாப்பிள்ளையின் இரண்டு கைகளிலும் தாலிக்கொடி. வினோஜாவின் கழுத்துக்கு முன்னால், தொடாமல். அவள் தலை குனிந்திருந்தாள்.

இராசாத்தியம்மா நல்ல கையால் திரையில் மகளின் முகத்தைத் தடவினார்.

"வடிவா எடுத்திருக்கிறீர். இன்னும் ஏறேல்லை, என்ன?"

"ஓம் அம்மா."

"அடுத்ததைத் தட்டும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"தட்டும் தம்பி," என்றார் இராசாத்தியம்மா, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு.